மாப்பிள்ளை அறைக்கு மேலே நின்ற தண்ணீர்

மகளே,

உன் மீதும் மருமகன் மீதும், உன் வயிற்றுக்குள் கால் நீட்டிப் படுத்திருக்கும் அந்தக் குட்டிச் சுல்தான் மீதும் ஸலாம் உண்டாகட்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் நம் வழக்கம். அதை எழுதப் பேனை ஓடவில்லை. ஆகவே நேரே சொல்லிவிடுகிறேன்: உன் வாப்பாவுக்குப் பயம் பிடித்திருக்கிறது. எத்தாளையிலிருந்து கற்பிட்டிக் கோட்டை வரைக்கும் பயத்துக்கே பயம் காட்டியவன் என்று எனக்கு நானே பட்டம் சூட்டிக்கொண்டு திரிந்தவன், இப்போது தூரத்தில் ஓர் இடி உருண்டாலே கதிரையை விட்டு எழும்பி முகட்டைப் பார்க்கிறேன். மேகம் கறுத்தால் தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டு வாசலுக்கு ஓடுகிறேன். பள்ளியில் தொழுகைக்குச் சஃப்பில் நிற்கும்போது மழை தூறினால் எத்தனையாவது ரக்அத் என்பதே மறந்து போகிறது.

போன கிழமை உனக்கு அழைத்துச் சொல்லத்தான் செய்தேன். கூரைக்கு மேல் ஒரு குளம் நின்றது என்று நான் தொடங்கியதுமே நீ சிரித்தாய். "வாப்பா, போன முறை திமிங்கிலம், இந்த முறை குளமா?" என்றாய். மருமகனும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தாய். அவர் பாவம், மரியாதையான பிள்ளை, குளத்தில் முதலை ஏதும் கிடந்ததா மாமா என்று கேட்டார். என் நாக்கு இருக்கிறதே, அது எனக்கே துரோகி. ரெண்டு என்று சொல்லிவிட்டது. அத்தோடு என் கதை அந்த இடத்திலேயே மௌத்தாகி அடக்கமும் ஆனது. உன்னைக் குறை சொல்ல மாட்டேன். கடலில் ஒரு திமிங்கிலம் என்னைக் கண்டு வாலைத் தூக்கி ஸலாம் சொன்னதாக உனக்குச் சொல்லி வளர்த்தவன் நான். நம் வளவில் இரத்தம் குடிக்கும் நுளம்புகள் நாலு கூடி ஓர் ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு களப்புத் தண்ணீரைத் தாண்டி உச்சமுனைக்குப் போனதை என் கண்ணாலேயே பார்த்ததாகவும் சொன்னவன். பிறகு உன் உம்மாவுக்குத் தெரியாமல் ஒரு படம் அனுப்பினேன், உடைந்த சுவரின் படம். "மேல் வீட்டு வேலை தொடங்கியாச்சா வாப்பா, மாஷா அல்லாஹ்" என்று நீ பதில் போட்டாய். வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மருமகன் வேன் பிடித்து உன்னைப் பேறுக்குக் கொண்டுவந்து விடப்போகிறார். அதற்குள் நீ என்னை நம்ப வேண்டும். வாயால் சொன்னால் நம்ப மாட்டாய். அதனால்தான் எழுதி, கொழும்புக்குக் கருவாடு ஏற்றிப் போகும் லொறியில் கொடுத்துவிடுகிறேன். நாற்றத்துக்கு நான் பொறுப்பல்ல.

இந்தக் கடிதத்தில் முதலை இல்லை. முடிந்தவரை எதையும் ஊதிப் பெருக்காமல் எழுதப் பார்க்கிறேன். ஊதியிருந்தால் அது கை தவறியது என்று வைத்துக்கொள்.

உன் கலியாணத்துக்காக நாம் கட்டிய மாப்பிள்ளை அறை எப்படிப்பட்டதென்று உனக்குத் தெரியும். உள்ளே இருந்து தெரியும். அதன் மேல் என்ன இருக்கிறதென்று உனக்குத் தெரியாது, ஏனென்றால் நம் வீட்டில் யாரும் அதை ஏறிப் பார்த்ததில்லை. பழைய வீட்டுக்கு ஓட்டுக் கூரை. அதன் பின்பக்கச் சரிவு முழுவதும் வந்து முடிகிற இடத்தில், ஓட்டு விளிம்புக்குக் கீழே, உன் அறையை ஒட்டவைத்தோம். அதற்கு மேலே கொங்கிறீட் தட்டு. அதாவது பெரிய வீட்டின் பாதி மழை உன் அறையின் தலையில்தான் கொட்டும். இதைச் சின்னப் பிள்ளைகூட நிமிர்ந்து பார்த்துச் சொல்லிவிடும். நாங்கள் நிமிர்ந்து பார்க்காமல் விட்டதற்குக் காரணம் உண்டு. எங்கள் கண்ணுக்கு அது கூரையாகவே படவில்லை.

நீ பிறந்தது ஓலைக் கொட்டிலில். யுத்தத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு உடுத்த உடுப்போடு வந்தவர்களுக்கு இங்கே கிடைத்தது தென்னோலையும் மணலும்தான். மாரி வந்தால் கொட்டிலுக்குள் சட்டி, பேணி, மூடி என்று எல்லாப் பாத்திரமும் பாயைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். நீ நடுவில் படுப்பாய். தூங்கும்போதும் ஒரு உள்ளங்கையை மேலே விரித்து வைத்திருப்பாய், துளி விழுகிறதா என்று பார்க்க. கையில் விழுந்தால் கண் திறக்காமலே அந்தப் பக்கம் உருண்டு கொடுப்பாய். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு கிடந்தபோது நான் ஒரு பைத்தியக்கார நிய்யத்து வைத்தேன். என் பெண்பிள்ளைகள் ஒவ்வொருத்திக்கும் கல்லால் வீடு. நம் ஆட்களிடம் மகளுக்கு வீடு கொடுக்காமல் மாப்பிள்ளை எடுக்க முடியுமா? யுத்தம் முடிந்து பாதை திறந்தபோது சொந்தங்களில் பாதிப்பேர் மன்னாருக்குத் திரும்பிப் போனார்கள். நாம் போகவில்லை. வளவு ஒன்று, மகள்மார் இரண்டு. பக்கவாட்டில் இடமில்லை. ஆகவே மூத்தவளுக்குக் கீழே, இளையவளுக்கு மேலே என்று நானும் உன் உம்மாவும் தீர்மானித்தோம். உன் அறையின் தட்டு உன் தங்கச்சி வீட்டின் தரை. உம்மா வெறும் ஆகாயத்தில் விரலை நீட்டி, இந்த மூலையில் சமைக்கக் குசினி, அந்தப் பக்கம் ஜன்னல் என்று இடம் பிரித்துக்கூட வைத்துவிட்டா.

தட்டுப் போடுகிற அன்று மேசன் பாஸ் கேட்டார். சிலாபத்துப் பக்கத்து மனிதர், தமிழும் சிங்களமும் கலந்து பேசுவார். தட்டைக் கொஞ்சம் ஒரு பக்கம் சரித்து விடவா, தண்ணீர் ஓட வேண்டாமா என்று கேட்டார். நான் கையைக் கட்டிக்கொண்டு, கோட்டை கட்டுகிற ராஜா மாதிரி நின்று சொன்னேன், "பாஸ், அது கூரை இல்ல, என்ட சின்ன மகள்ட நிலம். சரிவான நிலத்தில யாரு குடித்தனம் பண்ணுவா?" அவரும் அதிலே நியாயம் இருக்கிறது என்றார். மட்டக்கம்பு வைத்துத் தண்ணீர் போல மட்டமாகப் பூசினார். மேல் வீட்டுச் சுவருக்கு முதல் வரியும் இப்போதே இருக்கட்டும், மாப்பிள்ளை வீட்டார் பார்த்தால் பெருமையாக இருக்கும் என்று மூன்று பக்கமும் முழங்கால் உயரத்துக்கு புளொக் கல் வைத்தோம். மூலைகளில் கம்பியை நீட்டி விட்டோம். நாலாவது பக்கம் பழைய வீட்டுச் சுவர். தண்ணீர் போக ஒரு மூலையில் ஒரே ஒரு குழாய். அதுவும் மெல்லிசு, மேல் வீட்டுக்குள் பெரிய ஓட்டை எதற்கென்று. அல்லாஹ்வின் பூமியில் ஒரு தொட்டி எப்படிக் கட்ட வேண்டுமோ, அப்படியே கட்டினோம்.

அதற்குப் பிறகு வானம் எங்களை ஏமாற்றியது. இந்தப் பக்கத்து மாரி உனக்குத் தெரியும். ஒரு வருடம் வரும், ஒரு வருடம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். வந்த கொஞ்ச மழையும் அந்த மெல்லிசுக் குழாயால் ஓடி மணலில் விழுந்தது. நம் மணலுக்கு வாய் பெரிது, எதையும் அடுத்த நிமிடமே குடித்துவிடும். அதனால் தண்ணீருக்கு வழி வெட்ட வேண்டும், ஓட்டுத் தண்ணீரை ஏந்தப் பீலி கட்ட வேண்டும் என்ற எண்ணமே இங்கே யாருக்கும் வருவதில்லை. மணல் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவோம். தட்டுக்கு மேலே மணல் இல்லை என்பதை நாங்கள் ஒருவரும் யோசிக்கவில்லை.

போன கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு மழை பிடித்தது. காற்று இல்லாத மழை, நேரே செங்குத்தாக. நான் முன்கூடத்தில் இருந்துகொண்டு, உன் உம்மாவிடம் இந்த மழைக்கு நூஹ் நபியின் கப்பலுக்கே இன்னொரு தட்டுக் கட்ட வேண்டியிருக்கும் என்று பெரிய கதை விட்டுக்கொண்டிருந்தேன். அவ உன் அறையைக் கூட்டப் போனவ, வாசலில் நின்று கூப்பிட்டா. சத்தமாகக் கூப்பிடவில்லை. அதுதான் எனக்கு முதல் பயம். போய்ப் பார்த்தால் சுவர் வியர்த்திருந்தது. முகட்டில் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரைக்கும் நனைந்த கோடு. மின்குமிழ் தொங்குகிற இடத்தால் தண்ணீர் சொட்டியது. மெயின் சுவிட்சை இறக்கினேன். பழைய வீட்டின் பக்கச் சுவரில் ஏணியைச் சாத்தி ஏறினேன். உம்மா குடையோடு ஓடிவந்து உன் அறைச் சுவரோடு ஒட்டி நின்று, ஏணியைப் பிடிக்காமல், என் தலைக்கு எட்டாத உயரத்தில் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றா.

மேலே எட்டிப் பார்த்தேன். மகளே, அறையின் முழு நீளத்துக்கும் அகலத்துக்கும் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. ஓட்டிலிருந்து இன்னும் கொட்டிக்கொண்டே இருந்தது. தென்னம்பூவும் பன்னாடையும் மிதந்தன. குழாய் வாய் அவற்றால் அடைத்துப் போயிருந்தது. ஏழு யானையின் பாரம் என்று எழுத வருகிறது. யானை வேண்டாம். முழங்கால் அளவு தண்ணீர், அவ்வளவுதான். அதற்குக் கீழே உன் கட்டில். நான் கையை விட்டுக் குழாய் வாயைத் துழாவினேன், எட்டவில்லை. தட்டில் கால் வைக்கவும் துணிவு வரவில்லை. அந்த நேரத்தில் உம்மா கீழே குடையைச் சுவரில் சாத்திவிட்டு, மெத்தை நனைகிறது என்றா. உன் பேறுக்கென்று புத்தளத்தில் வாங்கி வந்த புது மெத்தை. "போகாத, ஏணியைப் பிடி" என்று நான் கத்தினேன். அவ போய்விட்டா.

பிறகு சுவர் விழுந்தது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. புளொக் கற்கள் வெளிப்பக்கம் சாய்ந்தன, தண்ணீர் அவற்றைத் தள்ளிக்கொண்டு போனது. ஏணிக்குப் பக்கத்திலிருந்து மூலை வரைக்கும் முழுச் சுவரும் போனது. உம்மா நின்ற இடத்தில் கல் குவிந்து கிடந்தது. குடையின் கைப்பிடி மட்டும் வெளியே தெரிந்தது.

அவ உள்ளே இருக்கிறா என்று எனக்குத் தெரியும். என் கண்ணாலே போவதைப் பார்த்தேன். ஆனால் அந்தக் குடையைப் பார்த்தபோது தெரிந்ததெல்லாம் மறந்துபோனது. உள்ளே என்றாலும் எங்கே? அந்தத் தட்டுக்குக் கீழே. கூப்பிட்டேன். பதில் வரவில்லை. மறுபடி கூப்பிட்டபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஏணியில் இறங்கினேனா, விழுந்தேனா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது. வாசலுக்கு வந்தபோது அவ மெத்தையை இழுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தா, ஏன் இப்படிக் கத்துறீங்க, பிடியுங்க மற்றப் பக்கத்தை என்றா. நான் பிடித்தேன். இத்தனை வருடக் குடித்தனத்தில் உன் உம்மா என் பேச்சை ஒரு தரமும் கேட்டதில்லை என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அன்றைக்குக் கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை ஒரு நாளில் எத்தனை தடவை நினைக்கிறேன் என்று கேட்காதே.

அக்கம்பக்கத்தார் வருவதற்குள் மணல் எல்லாத் தண்ணீரையும் குடித்து முடித்துவிட்டது. என் வாழ்நாளில் கண்ட ஒரே உண்மையான அதிசயத்துக்கு ஒரு வாளி சாட்சிகூட மிஞ்சவில்லை. சுவர் விழுந்ததைப் பார்த்தார்கள், முழங்கால் அளவு தண்ணீர் என்றதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். உம்மா அதற்குப் பிறகுதான் நடுங்கினா. பாயில் உட்கார்ந்து, தண்ணீர் கேட்டு, குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தா. பிறகு மெதுவாகச் சொன்னா, "மகளுக்குச் சொல்ல வாணாம். சுவரைக் கட்டி வெள்ளை அடிச்சிருவம். தலைப்பிள்ளைக்கு உம்மா வீட்டுக்கு வராம இருந்தா மாப்பிள்ளை வீட்டுல என்ன கதைப்பாங்க?" உனக்கு அவவைத் தெரியும். அவ ஊர்வாய்க்குப் பயந்து சொல்லவில்லை. உன் முதல் பிள்ளையை முதல் ஆளாகக் கையில் வாங்க வேண்டும் என்ற ஆசையைத்தான் அப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னா.

மறுநாள் மேசன் பாஸைக் கூப்பிட்டேன். வந்தார், சுவரைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். பிறகு உன் அறை வாசலுக்கு வந்து, நிலையில் கையூன்றி, கழுத்தை மட்டும் உள்ளே நீட்டி அந்த நனைந்த கோட்டைப் பார்த்தார். அது மயிர்க்கோடு, பூச்சில் வந்த வெடிப்பு, ஒன்றும் ஆகாது என்றார். சும்மா சொல்லவில்லை, நல்ல மனதோடுதான் சொன்னார். தேத்தண்ணீர் கொடுத்தேன், அதையும் வாசலிலேயே நின்று குடித்தார். உள்ளே வந்து உட்காருங்கள் பாஸ் என்று கதிரையை இழுத்துப் போட்டேன். பரவாயில்லை, கால் மண்ணாக இருக்கிறது என்றார். மகளே, அவர் கால் கழுவிவிட்டுத்தான் வந்திருந்தார். கடைசிவரை அந்த அறைக்குள் ஒரு காலும் வைக்கவில்லை. அதைக் கண்ட பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத முடிவு செய்தேன்.

செய்ய வேண்டியதைப் பேசி முடித்துவிட்டோம். மிச்சச் சுவரையும் உடைத்து எடுப்பது. கம்பிகளை அறுப்பது. ஓட்டு விளிம்பின் முழு நீளத்துக்கும் பீலி கட்டி, பெரிய வீட்டுத் தண்ணீர் உன் தட்டில் ஒரு துளியும் விழாமல், தடித்த குழாயால் நேரே வளவுக்கு இறக்குவது. தட்டின் மேல் சரிவாகச் சீமெந்து போட்டு, அதன் மழையை அதுவே உதறும்படி விடுவது. வெடிப்பை யாராவது படித்த பொறியியலாளர் ஒருவர் வந்து, அறைக்குள்ளே நின்று, நிமிர்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும். வாசலில் நிற்கிறவர் வேண்டாம். மேல் வீடு இல்லையென்று ஆகிவிட்டது. உன் தங்கச்சியிடம் எப்படிச் சொல்வது என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். அவளே சொன்னாள், "எனக்கு மேல் வீடு வாணாம் வாப்பா. நான் குசினிப் பக்கம் ஒரு சாய்ப்புப் பத்தி இறக்கிக்கிறன்." சொல்லிவிட்டு எழும்பிப் போனாள். இனி அவளுக்கு எங்கே வீடு என்பது இன்னொரு பயம். அதை ஒரு மழைக்காலத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.

நீயும் நாளைக்கு எங்காவது ஒரு வளவு வாங்குவாய், பழைய வீட்டோடு ஒரு துண்டைச் சேர்த்துக் கட்டுவாய். எல்லோரும் அப்படித்தான் கட்டுகிறோம், பிள்ளைகள் பிறக்கப் பிறக்க. கட்டும்போது வாசலின் அழகைப் பிறகு பார். முதலில் தலைக்கு மேலே எங்கிருந்து தண்ணீர் வருகிறது, எங்கே போகிறது என்று பார். எங்கள் மாதிரி நாளைய வீட்டின் தரையை இன்றைய பிள்ளையின் தலைக்கு மேல் தூக்கி வைக்காதே. மருமகன் சிரித்தால் சிரிக்கட்டும். பயமாக இருக்கிறது என்று சொல்ல உனக்கு வெட்கம் வந்தால், நான் இந்தக் கடிதத்தில் எத்தனை தடவை அதைச் சொல்லியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்.

இப்போது கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். வெள்ளிக்கிழமை வராதே. பேறு வீட்டுக்கு வராதே என்று மகளுக்கு எழுதிய வாப்பா இந்தக் கரையில் வேறு யாரும் இருக்க மாட்டான். மாப்பிள்ளை வீட்டாருக்கு நானே பேசுகிறேன். என் வீட்டுக்கு யானை வந்து உட்கார்ந்திருக்கிறது, அது போனதும் மகளை அழைக்கிறேன் என்று சொன்னால் அவர்கள் நம்ப மாட்டார்கள், ஆனாலும் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவார்கள். இந்த ஒரு காரியத்துக்காவது என் பெயர் உதவட்டும். பழைய வீட்டுக் கூடத்தில் படுக்கிறேன் என்று நீ சொல்வாய். கூடத்துக்கும் அந்த அறைக்கும் ஒரே சுவர்தான். கொஞ்ச நாளைக்கு உம்மாவை அங்கே அனுப்புகிறேன் என்றால் அவ வேலை முடியும்வரை இங்கிருந்து அசைய மாட்டாவாம். பிள்ளை முந்திக்கொண்டால் அங்கேயே பிறக்கட்டும், அல்லாஹ் போதுமானவன். செய்தி கேட்ட மறு நிமிடம் உம்மா கொழும்பு பஸ்ஸில் இருப்பா.

வேலை எல்லாம் முடிந்த பிறகு நல்ல மழை ஒன்று வர வேண்டும், அன்றைக்கு வந்தது போல. அப்போது நான் அந்த அறைக்குள் கதிரையைப் போட்டு, மழை தொடங்குவதிலிருந்து விடும்வரை உட்கார்ந்திருப்பேன். நடுங்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன். அது முடிந்து என் குரல் உன் காதுக்கு வந்தால், வேன் பிடித்து வா. இதை உம்மாவிடம் சொன்னேன். தடுப்பா என்று நினைத்தேன். அவ அரிசி புடைத்துக்கொண்டே சொன்னா, "நீங்க தனிய இருந்தா, வந்து சொல்ற கதைய யாரு நம்புவா? நானும் இருக்கன்."

வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிவிட்டேன். கேட்கவில்லை. அவவைத் தடுக்க எனக்கு இனி முடியாது. உன்னையாவது தடுக்கத்தான் இதை எழுதினேன். வராதே, மகளே.

உன் வாப்பா